மூன்று வோல்ட்டுக்குத்தான் விழிக்கும் சிம்

ரேணுகா டிபன் பாக்ஸைத் திறக்காமல் என் மேஜைக்கு எதிரில் நின்றாள். போர்டு வேலைக்காக மணிக்கட்டில் கட்டியிருந்த எர்த் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதன் சுருள் ஒயர் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற பெண்கள் எல்லாரும் கேன்டீனில் உட்கார்ந்துவிட்டார்கள். மிசள் குழம்பு வாசனை மாடி ஏறி வந்துகொண்டிருந்தது.

“அக்கா, எல்லாமே என் கைதான்னு சொல்றாங்கோ. லைன்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்கோ.”

“யாரு சொன்னது?”

“சாஹேப்பேதான். மைக் வெச்சு சொல்லாத கொறை.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, போய்ச் சாப்பிடு என்று அனுப்பியிருப்பேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழை விட்டு, போசரி ரோட்டுப் பள்ளங்களில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தசரா பக்கத்தில் வந்திருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

வாரா வாரம் இதைப் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. நான் கோயம்புத்தூர்க்காரி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகி, வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் வேலையோடு புனேவுக்கு வந்தவள். வீடு ஹடப்சரில். வேலை போசரி தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில், டெஸ்டிங் இன்ஜினியர். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, போசரிக்கு வியாழக்கிழமை லீவு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் சோபாவில் உட்கார்ந்தது கணபதிக்கும் தீபாவளிக்கும்தான். போதும்டா சாமி என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

ரேணுகா தாபோடிக்காரி. அவள் தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவள் படித்தது மராத்திப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்துப் படிக்க வராது. இந்தத் தொடரையே நான்தான் அவளுக்குப் போனில் படித்துக் காட்டுகிறேன். “இன்னாக்கா, ரொம்ப ரீல் உடறீங்கோ” என்பாள். இந்த வாரம் அப்படிச் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன்.

கிணற்றுக்கு ஒரு போன்

எங்கள் கம்பெனி செய்தது பம்ப் ஸ்டார்ட்டர். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் பம்ப் செட்டுக்குத்தான் வேலை பார்க்கிறேன் என்று என் அண்ணன் இன்னமும் கிண்டல் செய்வான்.

இது வெறும் ஸ்டார்ட்டர் இல்லை. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். விவசாயி வீட்டிலிருந்தபடியே அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொரு கால் கொடுத்தால் நிற்கும். புனேவைச் சுற்றி இருக்கிற காடுகழனிகளுக்கு மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகுதான் வரும். சிரூர், ஜுன்னர் பக்கமெல்லாம் கரும்புக்குள் சிறுத்தை படுத்திருக்கும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போக யாருக்கு மனசு வரும். அதனால் எங்கள் பெட்டிக்கு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் போர்டில், சிம்மைச் சொருகுகிற ஹோல்டரை ஈயம் உருக்கிச் சால்டர் வைப்பது ரேணுகாவின் வேலை. மற்ற உறுப்புகளை எல்லாம் மெஷின் ஒட்டிவிடும். இந்த ஹோல்டர் மட்டும் மட்டமான பிளாஸ்டிக். மெஷின் சூட்டுக்கு நெளிந்துவிடும். அதனால் கையால்தான் வைக்க வேண்டும். அதிலும் சூடு ஒரு கணம் கூடிப்போனால் போச்சு. பல வருஷமாக ரேணுகா அதைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் மராத்தியில் வம்பளந்துகொண்டே, இன்னொரு பக்கம் கை தானாக வைத்துக்கொண்டு போகும். வைத்ததைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

அத்தனை வருஷமும் அவள் கான்ட்ராக்டர் ஆள்தான். வருகிற தசராவுக்கு பர்மனன்ட் செய்கிறோம் என்று சாஹேப் வாக்குக் கொடுத்திருந்தார். சாஹேப் என்று நாங்கள் சொல்வது முதலாளியை. அவள் அந்த விஷயத்தைத் தாபோடி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டாள். அதுதான் பெரிய விஷயம்.

சாக்கு மூட்டை

அப்போதுதான் போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. சிரூர் டீலர் ஒரு உரச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே புகார். சிம் போட்டால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. உள்ளே சிம் இல்லை என்று பெட்டி சொல்கிறது என்று அர்த்தம்.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற எங்கள் லைனில் ஒரு டெஸ்ட் ஜிக் உண்டு. போர்டை வைத்து அழுத்தினால் எல்லாவற்றையும் பரிசோதித்துவிடும் மரப்பெட்டி. அதில் ஒரு சிம் எப்போதும் இருக்கும். அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடும் என்று யாரோ அதன் மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். தசராவுக்கு மெஷினுக்கெல்லாம் குங்குமம் வைத்து செண்டு மல்லி மாலை போடுவார்கள் இல்லையா, அந்தக் குங்குமம் டேப் மேலும் ஒரு சொட்டு இருந்தது. அந்தச் சிம்மில் எங்கள் போர்டுகள் எல்லாம் பாஸ். சாக்கில் வந்த போர்டுகளும் பாஸ்.

அப்படியானால் என்ன அர்த்தம்? லைன் சூப்பர்வைசர் உடனே சொல்லிவிட்டார். சால்டர் லூஸ். வண்டியில் குலுங்கினால் விட்டுப்போகிறது, இங்கே அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. ரேணுகா அத்தனையையும் உருக்கி மறுபடி வைத்தாள். அனுப்பினார்கள். சில நன்றாக வேலை செய்தன. சில மறுபடி திரும்பி வந்தன. வேலை செய்தவற்றைக் காட்டி, “பாத்தீங்களா, சால்டர்தான்” என்றார்கள். திரும்பி வந்தவற்றைக் காட்டியும் அதையே சொன்னார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கைதான் குற்றவாளி.

அன்றைக்கு மதியம் சாஹேப் லைனுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். தசராவுக்குள் இது நிற்கவில்லை என்றால் பர்மனன்ட்டும் கிடையாது, கான்ட்ராக்டும் கிடையாது.

“ஒருவேளை என் கைதானோ என்னமோக்கா” என்றாள் ரேணுகா, டிபன் பாக்ஸை என் மேஜை மேல் வைத்துவிட்டு.

“பைத்தியமா உனக்கு?”

அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். புனே கேம்ப் பஜார் பக்கம் ஏதோ கடையில் வாங்கியது. “ரெண்டு மாசமா கிட்டத்துல எழுத்து தெரியல. சுபேவைசர் பாக்காதப்ப போட்டுக்குவேன். பாக்கறப்ப கழட்டிடுவேன். மத்லப், பாதி போர்டு கண்ணாடியோட, பாதி போர்டு கண்ணாடி இல்லாம. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோக்கா.”

நாற்பது வயதில் எல்லாருக்கும் வருகிற வெள்ளெழுத்து. எனக்கும் வந்தது, நான் ஊரறியக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். எனக்கு அதனால் வேலை போகாது, அவளுக்குப் போகும். அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிற போர்டு

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.

சிம் கார்டுக்குச் சொந்தமாக பேட்டரி கிடையாது. போனோ, எங்கள் பெட்டியோ கொடுக்கிற கரண்டில்தான் அது விழிக்கும். இப்போது வருகிற சிம்களுக்கு ஒன்று புள்ளி எட்டு வோல்ட் போதும். இருபது வருஷத்துப் பழைய சிம்களுக்கு மூன்று வோல்ட் வேண்டும். அதற்குக் குறைந்தால் கண்ணைத் திறக்காது. அதனால் ஒழுங்காகச் செய்த கருவி முதலில் ஒன்று புள்ளி எட்டில் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் நிறுத்திவிட்டு, மூன்று வோல்ட்டில் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடும்.

ஆனால் கருவியின் மூளை எப்போதும் ஒன்று புள்ளி எட்டில்தான் பேசும். மூன்று வோல்ட்டில் பேசுகிற சிம்முக்கும் அதற்கும் நடுவில் துபாஷி மாதிரி ஒரு சில்லு வேண்டும். இந்தப் பக்கம் வருவதை ஏற்றி அந்தப் பக்கம் தரும், அந்தப் பக்கம் வருவதை இறக்கி இந்தப் பக்கம் தரும். சிம்முக்கு எவ்வளவு கரண்ட் வேண்டுமோ அதையும் அதுவே கொடுக்கும். லெவல் ஷிஃப்டர் என்பார்கள். எள்ளளவுதான் இருக்கும்.

எங்கள் பழைய போர்டில் அது இருந்தது. நடுவில் ஒரு சமயம் அந்தச் சில்லு சந்தையில் கிடைக்கவில்லை. போர்டை வரைந்து கொடுக்கிற பெங்களூர் ஆட்கள், அது எதற்கு என்று எடுத்துவிட்டு, சிம்முக்கு நேராகவே ஒயர் இழுத்துவிட்டார்கள். அந்த மீட்டிங்கில் நான் கேட்டேன். பழைய சிம் யாராவது போட்டால் என்ன ஆகும்?

“மேடம், இந்தக் காலத்தில் பழைய சிம் யார் வைத்திருக்கிறார்கள்?” என்றார் சாஹேப். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஹிந்தியில் சண்டை போட வராது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எதிரில் இருக்கிறவர் சிரித்துவிடுவார். கேன்டீன் பையன் முதல் செக்யூரிட்டி வரைக்கும் என் ஹிந்தியை நடித்துக் காட்டாத ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை. அதனால் நான் பேசுவதே தாழ்ந்த குரலில்தான். பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது சாக்கு மூட்டையைப் பார்த்ததும் அதே சந்தேகம்தான். ஆனால் நிரூபிக்க வழியில்லை. திரும்பி வந்த எந்த போர்டிலும் சிம் இல்லை. எல்லாரும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பழைய சிம். நம்பர் செத்துப்போயிருந்தாலும் பரவாயில்லை. கரண்ட் கொடுத்தால் அது முதல் வணக்கம் சொல்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஊரெல்லாம் தேடி

“ஏனுங்க, பழைய சிம் ஏதாச்சும் கெடக்குதுங்களா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“பழைய சிம்மா? அத வெச்சு என்ன பண்ணப் போற?”

“கொழம்பு வெக்கப் போறேன். இருக்குதா இல்லியா?”

டிராயர் டிராயராகக் கவிழ்த்தார். சார்ஜர், பழைய கம்மல் திருகு, எக்ஸ்பைரி ஆன இருமல் மாத்திரை, எல்லாம் கிடைத்தது. சிம் கிடைக்கவில்லை. 4ஜி வந்தபோது எல்லாரையும் சிம் மாற்ற வைத்தார்களே, அப்போதே பழசைக் கடையில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். அடுக்குமாடியில் கேட்டேன். ஆபீஸில் கேட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைக்கூடக் கேட்டேன், அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புனேவில் எல்லாரும் புது சிம்தான் வைத்திருந்தார்கள். சாஹேப் சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அலுப்பாக இருந்தது. எனக்கென்ன தலையெழுத்து, விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சிரூர் டீலருக்குப் போன் போட்டேன். அடுத்த தடவை சிம்மோடு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிம்மை எவனாவது அனுப்புவானா மேடம், வேண்டுமென்றால் நீங்கள் வந்து பாருங்கள் என்றார்.

வியாழக்கிழமை

போனேன். ரேணுகாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மராத்திக்கு ஆள் வேண்டுமே. ஒரு பையில் சிரூரிலிருந்து திரும்பி வந்த புது மாடல் போர்டு, என் டிராயரில் கிடந்த பழைய மாடல் போர்டு, ஒரு சின்ன பேட்டரி. அரசாங்க எஸ்.டி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வாகோலி தாண்டுகிற வரைக்கும் நின்றுகொண்டே போனோம். என் முழங்கால் அன்றைக்குச் சொன்னதை எழுத முடியாது.

பெட்டியைத் திருப்பி அனுப்பிய ஒரு விவசாயியிடம் டீலர் எங்களைக் கூட்டிப்போனார், அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். நாங்கள் மராத்தி முறைப்படி காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டோம். வெங்காயம் போட்டிருந்தார். அண்ணன் தம்பி மூன்று குடும்பத்துக்கும் ஒரே கிணறு. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய சிம். தங்க முலாம் தேய்ந்து, ஓரம் மஞ்சள் பூத்து, எந்தக் கம்பெனி என்றுகூடப் படிக்க முடியவில்லை.

ரேணுகா கேட்டாள். அவர் வெகுநேரம் விளக்கினார். அவள் என்னிடம் திரும்பினாள்.

“அக்கா, இங்க எல்லாரும் இப்டித்தானாம். வூட்லயே எந்த நம்பர் பழசோ அத்த கெணத்துக்குக் குடுத்துடுவாங்கோ. புது சிம்மு வாங்கினா அது போனுக்கு. ஏன்னா பழைய நம்பர்தான் எல்லாருக்கும் மனப்பாடம். அண்ணன், தம்பி, கூலியாளு, பக்கத்து காட்டுக்காரன், யாரு மொறை வந்தாலும் அந்த நம்பருக்கு அடிப்பாங்கோ. மன்ஷங்க நம்பர் மாத்திக்கலாம், கெணத்துக்கு மாத்தக் கூடாதாம்.”

“சரி, அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிக்கலாமே. கடையில குடுப்பாங்களே.”

அவள் அதையும் கேட்டாள். காகா சிரித்தார். அந்தக் காலத்தில் சிரூர் பஜாரில் ஒரு கடைக்காரன் கொடுத்த சிம் அது. யார் பெயரில் கொடுத்தான் என்று இவருக்கும் தெரியாது. கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை. யாருடைய ஆதார் கார்டைக் கொண்டுபோய் நீட்டுவது? அதனால் இந்தக் கார்டு உடைகிற வரைக்கும் இதுதான்.

நாங்கள் புனேவில் கூட்டிய அத்தனை மீட்டிங்கிலும் இந்த ஒரு விஷயம் யார் தலையிலும் வரவில்லை. எப்படி வரும்? டேப் ஒட்டிய அந்தப் புது சிம்மைத் தவிர வேறொன்றை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. ரேணுகா மறுபடி வைத்து அனுப்பியதில் வேலை செய்தவை, புது சிம் போட்டவர்கள் கைக்குப் போனவையாக இருக்கும்.

கிணற்றடியில் மோட்டார் ரூம். ரேணுகாவை அவள் போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். புது போர்டில் அந்தச் சிம்மைப் போட்டேன். சிவப்பு மினுக்கியது. எடுத்து மறுபடி போட்டேன். சிவப்புதான். ஹோல்டரை விரலால் அழுத்திப் பிடித்தேன். அப்போதும் சிவப்பு.

பழைய போர்டில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணம்தான்.

“இன்னாக்கா, யோசிக்குது?” என்றாள் ரேணுகா.

“மெதுவாக் கேட்டுச்சு, பதில் வரல. இப்பச் சத்தமாக் கேக்குது, பாரு.”

பச்சை எரிந்தது. காகா தன் போனை எடுத்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். போர்டில் மோட்டாரைப் போடுகிற ரிலே டக்கென்று தட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ரேணுகா போனைப் பிடித்த கையைக் கீழே இறக்கவே இல்லை.

“ரேணு, அந்த ரெண்டு போர்டுலயும் சிம் ஹோல்டர் வெச்சது யாரு?”

அவள் குனிந்து பார்த்தாள். ஏப்ரன் இல்லாததால் கண்ணாடி கைப்பையில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு, பயமில்லாமல், நன்றாகப் பார்த்தாள். “ரெண்டும் என் ஜாயின்ட்டுதாங்க்கா. எனக்குத் தெரியாதா.”

“ரெண்டும் உன் கைதான். ஒண்ணு எரியுது, ஒண்ணு எரியல. அப்பக் குத்தம் கையில இருக்குதா, போர்டுல இருக்குதா?”

காகாவின் வீட்டம்மா வெல்லம் போட்ட டீயும் வேர்க்கடலையும் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரேணுகா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறக்காமலேயே, “அப்ப கண்ணாடினால இல்லதானேக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கேபினுக்குள்

சாஹேப்பைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு பெங்களூருக்குப் போன் போட்டு, இங்கிலீஷில் கிழிகிழி என்று கிழித்தார். புது போர்டில் மறுபடி அந்தச் சில்லை வைக்க ஏற்பாடு நடந்தது. காகாவுக்குப் பழைய மாடல் பெட்டி போய்ச் சேர்ந்தது. ஜிக்கில் ஒட்டியிருந்த டேப்பை நானே பிய்த்து எடுத்தேன். குங்குமம் விரலில் ஒட்டியது.

“ரேணுகா மேல் தப்பில்லை மேடம். சொன்ன வாக்கைக் காப்பாற்றுவேன்” என்றார். காப்பாற்றினார். தசரா அன்றைக்கு மெஷின்களுக்கு செண்டு மல்லி மாலை போட்டு, பேடா கொடுத்து, அவளைக் கேபினுக்குக் கூப்பிட்டு பர்மனன்ட் என்று சொல்லி அனுப்பினார்.

எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். கால் நீட்டிப் படுத்தேன் அன்றைக்கு.

ஆனால் லைனில் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. குற்றம் சொன்னது எல்லார் முன்னாலும். இல்லை என்று சொன்னது கதவைச் சாத்திக்கொண்டு. சூப்பர்வைசர் தன் வாயால் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. பெண்கள் கேன்டீனில் பேசிக்கொண்டது என் காதுக்கே வந்தது. பாவம், கை போய்விட்டது, சாஹேப் இரக்கப்பட்டு பர்மனன்ட் செய்துவிட்டார்.

ரேணுகாவின் காதுக்கும் போயிருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வைத்துவிட்டு, மேஜையில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடி லென்ஸை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்துவிட்டு மறுபடி சூடு வைப்பாள். இரண்டாம் சூட்டில் அந்த மட்டமான பிளாஸ்டிக் நெளிந்துபோகும். வம்பளப்பு நின்றுவிட்டது. தினமும் ஒரு தட்டு போர்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவாள்.

“அக்கா, ஒரு தபா பாத்துடுங்களேன்.”

“நல்லாருக்கு ரேணு.”

“நெஜமாவா?”

“நெஜமாத்தான்.”

“நீங்க சும்மா சொல்றீங்கோ.”

அவள் கையை யாரும் பார்க்கத் தேவையில்லாத காலம் ஒன்று இருந்தது. எனக்குத் துக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போர்டில் இருந்த கோளாறைச் சரிசெய்துவிட்டோம், அது அவள் கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாஹேப்பிடம் போனேன். லைனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன். “பர்மனன்ட் செய்துவிட்டேனே மேடம், வேறென்ன வேண்டும்? முடிந்ததை எதற்குக் கிளற வேண்டும்?” என்றார். இன்னொரு வாரம் கழித்துப் போனேன். பார்க்கலாம் என்றார். எத்தனை தடவைதான் படியேறுவது. என் வயதில் ஒரு படிக்கட்டுக்கு ஒரு கணக்கு உண்டு.

லைனில்

ஒரு நாள் காலையில் லைன் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். ரேணுகா ஒரு ஹோல்டரைக் கருக்கிவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தச் சூடு ஆறாத துண்டைக் கழற்றி ஏப்ரன் பைக்குள் ஒளித்தாள். அதே பையில்தான் கண்ணாடியும் இருந்தது.

அவ்வளவுதான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. நேராகப் போய், அன்றைக்கு சாஹேப் நின்று பேசிய அதே இடத்தில் நின்றேன். அலமாரி மேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினேன். பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

ஹிந்தியில் பேசினேன். என் ஹிந்தியில். சத்தம் போட்டுப் பேசினேன், தெருவில் காய்கறிக்காரனைக் கூப்பிடுகிற குரலில். சாக்கில் வந்த போர்டுகளில் ரேணுகா கை மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு போர்டை வரைந்ததில். ஒரு சில்லைப் பிடுங்கிவிட்டார்கள். பழைய சிம்முக்கு மூன்று வோல்ட் போகவில்லை. நாங்கள் சிரூரில் போய்ப் பார்த்தோம். இவள் வைத்த ஜாயின்ட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தன, இன்றைக்கும் நன்றாக இருக்கின்றன. இவளுக்கு பர்மனன்ட் கொடுத்தது இரக்கத்தில் இல்லை. வாக்கியம் எங்கெங்கேயோ முட்டிக்கொண்டது. பாதியில் தமிழ் வந்தது, மராத்தி ஒன்றிரண்டு வந்தது. யாரோ ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு சாஹேப் கேபினை விட்டு வெளியே வந்திருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால் போய்விடலாம், இரண்டு பஸ் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் லைன் ஓரம் வரை வந்தார். பிறகு மராத்தியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “மேடம் சொல்வது சரி. தப்பு எங்களுடையது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூப்பர்வைசர் தட்டுகளை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். நான் ரேடியோவைத் திரும்பப் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

ரேணுகா தலையைத் தூக்கவில்லை. ஏப்ரனுக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து, எல்லாரும் பார்க்கவே மாட்டிக்கொண்டாள்.

“அக்கா, உங்க ஹிந்தி எக்தம் கேவலம்” என்றாள் தமிழில்.

அடுத்த போர்டை எடுத்து ஹோல்டரை வைத்துச் சூடு வைத்தாள். லென்ஸை இழுக்கவில்லை. தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.